வெண்பனியும் வற்கடமும்

நம் இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் இளங்கவிஞர் ஒருவர் தாது வருஷப் பஞ்சத்தைப் பொருளாகக் கொண்ட நெடுங்கவிதை ஒன்றைப் படித்தார். அவையோர் உருகினர்; நானும் உருகினேன். ஆயினும் அக்கவிதையின் அடிக்கருத்து மட்டும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நின்றது. வானம் பொய்த்தது, ஆதலின் மக்கள் மாண்டனர் என்பதே அக்கருத்து. அன்று நேரம் கடந்துவிட்டது. நல்ல கவிதையைக் கேட்ட மகிழ்ச்சியில் இருந்த அவையில் எதிர்வாதம் எழுப்பவும் மனம் வரவில்லை. பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம் எனத் தோன்றிற்று.

'பொய்த்தல்' என்னும் வினையைக் கவிஞர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மழை வராவிட்டால் அது பொய்த்தது என்கிறோம். முன்னுரைத்தது நடவாவிட்டால் அந்த உரையும் பொய்த்தது என்கிறோம். மழையை ஒரு வாக்குறுதியாகக் கருதிய மக்களின் மொழி இது. வாக்குத் தவறியவர் மீது பழி விழுவது இயல்பு. தாது வருஷத்தில் அந்தப் பழி முழுவதையும் வானத்தின் மேல் ஏற்றிவிட விரும்பியவர்களுள் நம் கும்மிப் பாடகர்கள் மட்டுமல்லர், கல்கத்தாவிலும் இலண்டனிலும் இருந்த பெரிய மனிதர்களும் அடங்குவர். அந்த விருப்பத்தின் ஊடே, இமயமலையில் விழும் பனியைக் கொண்டு தென்னாட்டின் பசியை முன்னறிய முடியுமா என்றொரு வியப்பான தேடலும் நடந்தது. அத்தேடலின் வரலாறே இக்கட்டுரை.

வெள்ளியும் பனியும்

வறட்சியை முன்கூட்டி அறியும் ஆசை நமக்குப் புதிதன்று. வெள்ளிக்கோள் தன் நிலை திரிந்து தென்திசை ஏகினால் மழை வறளும் என்பது சங்கப் புலவர்கள் அறிந்திருந்த குறி. வெள்ளி தெற்கே ஏகினும் காவிரி வற்றாது என்று சொல்லித்தான் பட்டினப்பாலை தொடங்குகிறது. அக்குறி வானியல் நோக்கில் மெய்யா பொய்யா என்பது வேறு செய்தி. பஞ்சத்துக்கு முன்னதாக ஓர் அடையாளம் இருக்கவேண்டும், அதைக் கண்டுகொண்டால் காத்துக்கொள்ளலாம் என்ற மனநிலை அதில் இருக்கிறது. இறையனார் அகப்பொருள் உரையோ மற்றொரு மனநிலையைக் காட்டுகிறது. பாண்டிநாட்டைப் பன்னீராண்டு வற்கடம் பற்றியபோது, உங்களைப் புரக்க என்னால் இயலாது, நாடு நாடாகிய பின் என்னை நினைந்து வாருங்கள் என்று பாண்டியன் புலவர்களை அனுப்பிவிடுகிறான். புலவர்களுக்கு அனுமதி கிடைத்தது. உழவர்கள் எங்கே போனார்கள் என்று உரையாசிரியர் சொல்லவில்லை. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் இக்கேள்வியைக் கேட்கிறார்கள். நானும் விடையின்றி நிற்கிறேன்.

பனி என்ற சொல்லையும் ஈண்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முன்பனி, பின்பனி என இரு பெரும்பொழுதுகளை வகுத்த நம் முன்னோர் அன்றாடம் கண்டது புல்நுனியில் நிற்கும் பனித்துளியை. வானிலிருந்து பஞ்சுபோல் உதிர்ந்து, மலைச்சரிவில் மாதக்கணக்கில் இறுகிக் கிடந்து, கோடையில் உருகி ஆறாகும் பொருளை அவர்கள் இமயத்தைப் பற்றிய செய்திகளில் கேள்வியால் அறிந்தார்கள். இக்கட்டுரையில் அதனை வெண்பனி என்றே குறிக்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால், மார்கழிக் குளிருக்கும் ஆடி மழைக்கும் ஏதோ தொடர்பு சொல்வதாக வாசகர் மயங்கக்கூடும்.

தாது வருஷம்

1876ஆம் ஆண்டுத் தென்மேற்குப் பருவமழை தக்காணத்திலும் மைசூரிலும் பல்லாரி, கர்நூல், கடப்பை மாவட்டங்களிலும் தவறியது. அவ்வாண்டு ஐப்பசி, கார்த்திகையில் தமிழ் மாவட்டங்களுக்கு உரிய வடகிழக்குப் பருவமழையும் தவறியது. இரண்டு பருவங்களும் ஒருசேரக் கைவிட்டதே தாது வருஷத்தின் தனித்தன்மை. அடுத்த ஆண்டு, 1877இல், வறட்சி வடமேற்கு இந்தியாவுக்கும் பரவியது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று பஞ்ச ஆணையம் கணக்கிட்டது. 80 லட்சத்துக்கும் மேல் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19½ லட்சமாக இருந்தது. 1881இல் அது 16 லட்சம். பிறப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட பின் எஞ்சிய எண் இது. பிழைத்தவர்களுள் எத்தனையோ பேர் இலங்கையின் மலையகத்துக்கும் கடல் கடந்த பிற தோட்டங்களுக்கும் நடந்தும் கப்பலேறியும் போனார்கள்.

தமிழ் இலக்கிய வரலாறு இப்பஞ்சத்தை முற்றும் மறக்கவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்ததும், அதனைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடியதும் நாமறிந்தவை. பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சானபோது அதை வாங்கிப் படித்த முதல் வாசகர்கள் பஞ்சத்திலிருந்து அப்போதுதான் மீண்டு வந்தவர்கள் என்பதை நாவல் வரலாறு எழுதுவோர் அவ்வளவாகக் கருதுவதில்லை.

இனி, அந்நாளில் வானத்தைப் படிக்க முனைந்தவர்களிடம் வருவோம்.

அரியலூர்க் கல்லும் இமயப் பனியும்

ஹென்றி பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் 1855இல் இந்தியாவுக்கு வந்தது மழையை ஆராய்வதற்கன்று, பாறைகளை ஆராய்வதற்கு. புவியியல் ஆய்வுத் துறையின் பணியாளராகத் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களில் சுற்றி, அரியலூர்ப் பகுதியின் தொல்லுயிர்ப் பாறைகளை வகைப்படுத்தி 1862இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் நிலவியலாரால் போற்றப்படுகிறது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே பாறைத் தொகுதிகளுக்கு இட்டவர் அவர். மழை பெய்தால் ஓடையும் பெய்யாவிட்டால் புழுதியுமான அந்த மண்ணை அவர் காலால் அளந்தவர். பிற்பாடு கல்கத்தாவில் பேராசிரியரானார். 1864ஆம் ஆண்டுக் கல்கத்தாப் புயல் பலரைப் போல் அவரையும் வானிலையின் பக்கம் திருப்பியது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தார். அமர்ந்த மறு ஆண்டே தாது வருஷம்.

அவருக்கு முன்பே விடை சொல்ல முந்தியவர்கள் இருந்தனர். அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவராயிருந்த வில்லியம் ஹன்டர், 1813 முதல் சென்னையில் அளந்து வைத்திருந்த மழைக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றின் மேல் தோன்றும் கரும்புள்ளிகளின் ஏறத்தாழப் பதினோராண்டுச் சுழற்சியோடு அதைப் பொருத்திக் காட்டினார். 1877இல் அவரும் நார்மன் லாக்யரும் சேர்ந்து கரும்புள்ளிகளும் பஞ்சங்களும் என்ற பொருளில் கட்டுரையே எழுதினர். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நாள்தோறும் எவரோ ஓர் எழுத்தர் குறித்துவைத்த மழை அளவு, இலண்டன் இதழில் ஞாயிற்றோடு முடிச்சுப் போடப்பட்ட கதை இது. பிளான்போர்டு இக்கொள்கையை ஏற்கத் தயங்கினார். அவருடைய கண் வடக்கே திரும்பியது.

1877ஆம் ஆண்டு மழை தவறுவதற்கு முந்திய குளிர்காலத்திலும் இளவேனிலிலும் மேற்கு இமயத்தில் வெண்பனி மிகுதியாக விழுந்திருந்தது. அது தற்செயலா என்று பழைய ஆண்டுகளின் குறிப்புகளைப் புரட்டினார். வெண்பனி மிக்க ஆண்டுகளை அடுத்து, வடமேற்கிலிருந்து வறண்ட காற்று நெடுநாள் வீசுவதையும், பருவமழை தாழ்வதையும் கண்டார். இதன் செயல்முறையை எளிதாகச் சொல்லிவிடலாம். பருவக்காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வருவது நிலம் கடலைவிட வெம்மையாகக் காய்வதால். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சிய வெயிலும் பனியை உருக்குவதிலேயே செலவாகிறது. உருகிய நீர் மண்ணை ஈரமாக்கி மேலும் குளிர்விக்கிறது. அடுப்பு ஏறாவிட்டால் உலை கொதிக்காது. நிலம் காயாவிட்டால் காற்றுக்கு அழைப்பில்லை.

1882 முதல் 1885 வரை சோதனையாகச் சில முன்னுரைகளை அவர் வழங்கினார். அவை ஓரளவு பலித்தன. இமய வெண்பனிக்கும் இந்திய வறட்சிக்கும் உள்ள தொடர்பை விளக்கும் அவருடைய கட்டுரை 1884இல் இலண்டன் ராயல் கழகத்தின் நடவடிக்கைகளில் வெளிவந்தது. 1886ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சேர்த்து முதல் முறையான பருவமழை முன்னுரை வெளியிடப்பட்டது. உலகில் ஓர் அரசு ஆண்டுதோறும் ஒரு பருவம் முழுவதற்கும் மழையை முன்னறிவிக்கத் தொடங்கிய வழக்கங்களுள் இதுவே மூத்தது எனலாம். அதற்கு உரமிட்டவர்கள் தாது வருஷத்தில் மாண்டவர்கள். எந்த வானிலைப் பாடநூலிலும் இவ்வாறு எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் பஞ்சம் இல்லையேல் அந்த முன்னுரையை எவரும் கேட்டிருக்கப் போவதில்லை.

பிளான்போர்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தம் கொள்கையை உறுதிப்பாடாகச் சொல்லாமல் தற்காலிக ஊகமாகவே அவர் முன்வைத்தார். ஆனால் அவருடைய வெண்பனி தென்மேற்குப் பருவமழையின் குறி. நம் நாட்டுக்கு, குறிப்பாகக் கடற்கரை மாவட்டங்களுக்கும் காவிரிப் படுகைக்கும், ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. தென்மேற்கு மழையால் மேட்டூரும் வைகையும் நிரம்பும், உண்மைதான். ஆனால் இராமநாதபுரத்துக் கண்மாய்க்கும் சேலத்துப் புன்செய்க்கும் ஐப்பசி பெய்யவேண்டும். எந்த மக்களின் சாவு முன்னுரைக்குக் காரணமாயிற்றோ, அவர்களுக்கு உரிய மழையைப் பற்றி அந்த முன்னுரை அதிகம் சொல்லவில்லை.

இரட்டைப் பொய்

1889இல் பிளான்போர்டு ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ஜான் எலியட் வெண்பனியோடு நிற்கவில்லை. இந்தியாவின் கோடைக்கால வானிலை, இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியா என்று அவருடைய குறிகள் பெருகின. முன்னுரைகளும் பக்கம் பக்கமாக நீண்டன. 1899இல் அவருடைய முன்னுரை நல்ல மழைக்கு நம்பிக்கை தந்தது. நடந்ததோ நேர்மாறு. நாட்டின் பருவமழை இயல்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்து, மேற்கு இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் மீண்டும் பெரும்பஞ்சம். மழையும் பொய்த்தது, முன்னுரையும் பொய்த்தது. செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. சில ஆண்டுகளில் அரசு எடுத்த முடிவு சுவையானது: முன்னுரையை நிறுத்தவில்லை, 1902 முதல் சில ஆண்டுகளுக்கு அதை இரகசிய ஆவணமாக்கிவிட்டது. அதிகாரிகள் படிப்பார்கள், உழவன் படிக்கமாட்டான். உழவனுக்குத் தெரியாத முன்னுரையால் உழவனுக்கு என்ன பயன் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1904இல் துறைத்தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கணித மேதை, வானிலை படித்தவரல்லர். காரணம் தெரியாவிட்டால் எண்களையே பேசவைப்போம் என்பது அவர் வழி. உலகின் பல மூலைகளிலிருந்தும் காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றைத் தொகுத்து, இந்திய எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே ஆயிரக்கணக்கான ஒட்டுறவுகளைக் கணக்கிட்டார். 1909இல் அவர் அமைத்த வாய்பாட்டில் இமய வெண்பனி, மொரீசியஸ் காற்றழுத்தம், தென்னமெரிக்கக் காற்றழுத்தம், சான்சிபார் மழை ஆகிய நான்கும் இடம்பெற்றன. இந்தத் தேடலில்தான் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களிடையே காற்றழுத்தம் ஏற்றத்தாழ்வாக ஊசலாடுவதைக் கண்டு, 1924இல் அதற்குத் தென் அலைவு எனப் பெயரிட்டார். பருவமழைக்கு விடை தேடியவருக்கு உலக வானிலையின் திறவுகோல் கிடைத்தது. பருவமழைக்கான விடை மட்டும் கைக்கு எட்டவில்லை.

வாக்கரைப் பற்றி மற்றொரு செய்தி நம்மவர்க்கு உரியது. 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்திருந்தபோது, துறைமுக அலுவலகத்து எழுத்தர் ஒருவரின் குறிப்பேடுகள் அவரிடம் காட்டப்பட்டன. பார்த்தவர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அந்த எழுத்தருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வுதவித் தொகை கிடைத்தது. அவர்தான் சீனிவாச இராமானுஜன். மழையைக் கணித்துச் சொல்லும் பணியில் இருந்தவர் ஒரு மனிதரைச் சரியாகக் கணித்த நிகழ்ச்சி இது.

வாக்கரின் வாய்பாட்டில் இருந்த வெண்பனி காலப்போக்கில் செல்வாக்கிழந்தது. ஒட்டுறவு ஒரு தலைமுறைக்கு நின்று மறு தலைமுறையில் தளர்ந்தது, பின்னர்க் கைவிடப்பட்டது. செயற்கைக்கோள்கள் வந்து பனிப்பரப்பை மேலிருந்து அளந்த பிறகு, 1976இல் ஹானும் சுக்லாவும் யூரேசிய வெண்பனிக்கும் இந்திய மழைக்கும் எதிர்மறைத் தொடர்பு இருப்பதாக மீண்டும் எடுத்துரைத்தனர். 1988இல் இந்திய வானிலைத் துறை அமைத்த பதினாறு காரணிகள் கொண்ட வாய்பாட்டில் இமயப் பனியும் யூரேசியப் பனியும் திரும்பவும் இடம்பெற்றன. 2002இல் அந்த வாய்பாடு இயல்பான மழையை அறிவித்தது. ஜூலை மாதமே மழையின்றிக் கழிந்து, பருவத்தின் முடிவில் இயல்பில் 81 விழுக்காடே கிடைத்தது. மறு ஆண்டே வாய்பாடு மாற்றப்பட்டது.

இதற்கிடையே 1969இல் யாக்கோபு பியர்க்னெஸ், வாக்கர் கண்ட தென் அலைவையும் பெரு நாட்டுக் கடலோர மீனவர்கள் நெடுங்காலம் அறிந்திருந்த எல் நினோ என்ற கடல் வெப்பத்தையும் ஒரே இயக்கத்தின் இரு முகங்களாகக் காட்டிவிட்டார். அந்த ஒளியில் தாது வருஷத்தைத் திரும்பப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. பல ஆண்டுகளாகக் குளிர்ந்திருந்த பசிபிக், அதைத் தொடர்ந்து 1877–78இல் வந்த மிகக் கடுமையான எல் நினோ, அதே 1877இல் இந்தியப் பெருங்கடலில் நிகழ்ந்த வலிய வெப்ப ஏற்றத்தாழ்வு, வழக்கத்துக்கு மீறி வெம்மையுற்ற வட அட்லாண்டிக் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன என்பது அதன் முடிபு. இந்தியா மட்டுமன்று, சீனமும் பிரேசிலும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளும் அந்நாளில் பட்டினியால் செத்தன. எல் நினோ ஆண்டுகளின் குளிர்காலத்தில் மேற்கு இமயத்தில் பெரும்பாலும் பனியும் மிகும். ஆகவே பிளான்போர்டு கண்ட வெண்பனி ஓரளவு காரணமாகவும், ஓரளவு மறைந்திருந்த பெருங்காரணத்தின் நிழலாகவும் இருந்திருக்கலாம். நிழலைக் கண்டவர் மரம் ஒன்று இருக்கிறது என்றாவது அறிந்தார்.

அரிசி இருந்த இடம்

இதுவரை சொன்னதெல்லாம் மழை ஏன் பெய்யவில்லை என்பதைப் பற்றியது. மக்கள் ஏன் செத்தார்கள் என்பது வேறு கேள்வி. நம் இளங்கவிஞர் இரண்டையும் ஒன்றாக்கினார். அவருக்கு முன்னே வைஸ்ராய் லிட்டன் ஒன்றாக்கினார்.

1873–74இல் பீகாரில் மழை தவறியபோது ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி தருவித்து மக்களுக்கு வழங்கினார். பட்டினிச் சாவு மிகமிகக் குறைவு. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, அரசுப் பணத்தைப் பாழாக்கினார் என்ற கண்டனம். அதே டெம்பிளைத்தான் 1877 ஜனவரியில் பஞ்சத் தூதராகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். இம்முறை அவர் தம் பெயரைக் காத்துக்கொள்ள உறுதி பூண்டிருந்தார். நிவாரண வேலைத்தளத்தில் நாள் முழுதும் கல்லுடைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ், இந்தக் கூலியில் உழைக்கும் உடல் தேய்ந்து மடியும் என்று விடாமல் வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அந்தச் சில மாதங்களில் போனவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டெம்பிள் புறப்படுவதற்குச் சற்று முன், 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் பெருவிழா நடந்தது. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனும் அங்கே போயிருந்தார். அவருடைய மாகாண அரசு தானியத்தைத் தானே கொள்முதல் செய்து இருப்பு வைக்க முயன்றபோது, வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று மேலிருந்து தடை வந்தது. இருப்புப்பாதை அதற்குள் வந்துவிட்டிருந்தது. தானியமும் வந்துகொண்டுதான் இருந்தது. சென்னைக் கடற்கரையில் அரிசி மூட்டைகள் குன்றாய்க் குவிந்து கிடந்ததை அந்நாளைய படங்கள் காட்டுகின்றன. வாங்கக் காசில்லை, காசு தரும் வேலை இல்லை. மழை தவறியதும் முதலில் மறைவது சோறன்று, கூலி என்பதை 1880இல் பஞ்ச ஆணையமே எழுதிவைத்தது. ஞாயிற்றின் புள்ளிகளை ஆராய்ந்தவர்களும் இமயத்தின் பனியை ஆராய்ந்தவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். கடற்கரையில் கிடந்த மூட்டையைக் குடிசைக்குக் கொண்டு சேர்க்க வழி தேடியவர்கள் குறைவாகவே இருந்தார்கள். நிவாரணக் கூலிகள் தோண்டிய கால்வாய்ப் பகுதி சென்னை நகரின் ஊடே இன்றும் பக்கிங்காம் பெயரில் கிடக்கிறது. அதன் கரையில் நடப்போர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

இதை வெறும் வாதமாக நான் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அப்படி ஒரு குறைவு 140 ஆண்டுகளில் கண்டதில்லை என்றார்கள். 140 ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணினால் வந்து நிற்பது 1876. தாது வருஷத்து ஐப்பசி. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பயிர் கருகியது, மாடுகள் அடிமாட்டுக்குப் போயின, காவிரிப் படுகையில் உழவர்கள் மாண்டார்கள். அவ்விழப்பை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் ஊர்கள் காலியாகவில்லை, சாலையோரங்களில் எலும்புக்கூடுகள் கிடக்கவில்லை. நியாயவிலைக் கடையில் அரிசி இருந்தது. வானம் இருமுறையும் ஏறத்தாழ ஒரே அளவுதான் பொய்த்தது.

நம் பழம்புலவர் ஒருவர் இதை முன்பே உணர்ந்திருந்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வில்லியப்ப பிள்ளை பாடிய பஞ்சலட்சணத் திருமுக விலாசம் தாது வருஷத்தைப் பொருளாகக் கொண்டது. அங்கதச் சுவை மிக்கது. பசியால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார்கள். இறைவன் நினைத்தால் மேகத்தை ஏவியிருக்கலாம். அவர் செய்வதோ, சிவகங்கைத் துரைசிங்கருக்கு இவர்களைக் காக்குமாறு திருமுகம் எழுதிக் கொடுத்தனுப்புவது. பாணபத்திரருக்காகச் சேரமானுக்குத் திருமுகம் விடுத்த அதே ஆலவாய் இறைவன்தான். மழையைப் பற்றிய முறையீட்டுக்குக் களஞ்சியம் உடையவனுக்கு ஒரு கடிதம் விடையாகிறது. இந்நூலைச் சிரிப்புக்காகவே படித்துவிட்டு வைப்பவர்கள் அதிகம். நம் வட்டத்தில் ஒரு மாலை முழுவதையும் இதற்கென ஒதுக்கினால் என்ன என்பது என் வேண்டுகோள்.

இளங்கவிஞரிடம் பின்னர் ஒரு நாள் இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் அந்த வரியை எடுத்துவிடட்டுமா, அம்மா?" என்றார். வேண்டாம் என்றேன். வானம் பொய்த்தது என்பது நம் மொழி நமக்குத் தந்த வரி. அதன் அடுத்த வரியில் மட்டும் கடற்கரை மூட்டைகள் வரட்டும் என்றேன். திருத்திய கவிதையை இன்னும் அவர் படித்துக் காட்டவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் இந்திய வானிலைத் துறை பருவமழை முன்னுரையை வெளியிடுகிறது. இப்போது கணினிகளில் உலகின் கடலும் காற்றும் முழுவதுமாக ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. எல் நினோவைப் பற்றியும் இந்தியப் பெருங்கடலைப் பற்றியும் விரிவாக எழுதுகிறார்கள். அவற்றோடு, கடந்த குளிர்காலத்திலும் இளவேனிலிலும் வடகோளத்தில் வெண்பனிப் பரப்பு எவ்வளவு இருந்தது, அதற்கும் மழைக்கும் பொதுவாக எதிர்மறைத் தொடர்பு உண்டு என்ற குறிப்பையும் அண்மை ஆண்டுகளின் அறிக்கைகளில் காண்கிறேன். அந்தக் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் அரியலூரில் கல் பொறுக்கிய பிளான்போர்டு நினைவுக்கு வருகிறார். அடுத்து, எங்கள் வீட்டில் எந்த முதிய உறவினரின் வயதைக் கேட்டாலும், தாது வருஷத்துக்கு இத்தனை வருஷம் முன்போ பின்போ பிறந்தவருக்குப் பேத்தி என்று கணக்குச் சொல்லும் என் பாட்டி நினைவுக்கு வருகிறார்.